ஆட்டின் கண்ணில் பூ: கூடலூரில் அன்றும் இன்றும்

பக்ரீத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போதே கம்பத்திலிருந்தும் உத்தமபாளையத்திலிருந்தும் ஆட்கள் கூடலூர்ப் பக்கத்துப் பட்டிகளுக்குக் கிடா பார்க்க வந்துவிடுவார்கள். வாயைப் பிளந்து பல் போட்டிருக்கிறதா என்று பார்ப்பார்கள். முதுகைத் தடவி கறிப்பிடிப்பைக் கணிப்பார்கள். அடுத்தது கண். பார்வை போன ஆடு குர்பானிக்கு ஆகாது. குலதெய்வத்துக்கு நேர்ந்துவிடும் கிடாயும் பழுதில்லாமல்தான் இருக்க வேண்டும். கண்ணில் பூ விழுந்த கிடாவுக்கு மிஞ்சுவது கறிக்கடை ஒன்றுதான். அங்கே எடைக்குத்தான் காசு. வளர்த்தவருக்கு ஒரு வருஷ உழைப்பில் நல்ல பங்கு அந்த வெள்ளைப் படலத்தோடு போய்விடும்.

அதனால் ஆட்டின் கண் நோய் இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் என்றைக்குமே சின்ன விஷயமாக இருந்ததில்லை. ஆனால் அதைப் பார்க்கும் விதம் ஒரு தலைமுறைக்குள் மாறிவிட்டது. முன்பு கேட்ட கேள்வி, ‘இதுக்கு என்ன போடலாம்?’ இப்போது, ‘இது என்னது?’ என்பது அதற்கு முன்னால் வந்து நிற்கிறது. எல்லாப் பட்டியிலும் அல்ல, எல்லா நாளும் அல்ல, இருந்தாலும் நிற்கிறது.

மதுரை மாவட்டத்தோடு தேனி சேர்ந்திருந்த காலத்து வைத்தியத்தை வயதானவர்களிடம் கேட்டால் உடனே சொல்வார்கள். கல்லுப்பை வாயில் போட்டு மென்று, அந்த எச்சிலை ஆட்டின் கண்ணில் ‘பூ’ என்று ஊதுவது ஒன்று. உப்புக்குப் பதில் புகையிலையை மெல்லுகிறவர்களும் உண்டு. கை பக்குவமான சிலர் தும்பைப்பூச் சாறோ நந்தியாவட்டைப் பூச்சாறோ பிழிந்து விடுவார்கள். ஆடு துள்ளும், தலையை உதறும், கண்ணிலிருந்து கரகரவென்று நீர் கொட்டும். ‘விஷம் எறங்குது’ என்பார்கள். பத்துப் பதினைந்து நாளில் பெரும்பாலான ஆடுகளுக்குக் கண் தெளிந்துவிடும்.

தெளிந்ததற்குக் காரணம் புகையிலை அல்ல. தொற்றால் வரும் கண் நோய் ஆட்டின் உடம்பில் எதிர்ப்பு உண்டானதும், இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலும் தானே அடங்கக்கூடியது. எதைப் போட்டாலும் போடாவிட்டாலும் பத்தில் பல ஆடு தேறும். அதனால் எதைப் போட்டார்களோ அதற்குப் பேர் கிடைத்தது. தேறாத ஒன்றிரண்டு குருடானால், ‘அது அதோட விதி.’ இப்படியொரு நோய்க்குத் தவறான வைத்தியம் நூறு வருஷம் நீடிக்கலாம். யாருக்கும் சந்தேகம் வராது. உப்புத்தண்ணீர் பீளையைக் கழுவும், அந்த மட்டில் நல்லது. ஆனால் ஒரே ஆள் ஒரே விரலால் வரிசையாகப் பத்து ஆட்டின் இமையைப் பிரித்தால், முதல் ஆட்டின் நோயைப் பத்தாவது ஆட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அந்த விரல்தான்.

அந்தக் காலத்து மேய்ப்பர்களுக்கு நோயைப் பிரித்தறியத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. மலையடிவாரத்தில் மேய்ந்த ஆடுகளுக்கு ஊசிப்புல் பழுக்கிற பருவத்தில் கண்ணில் நீர் வடியும். அதன் விதை கூர்முனையும் முறுக்கிய வாலும் கொண்டது. இமைக்குள் ஏறினால் ஒவ்வொரு சிமிட்டலுக்கும் உள்ளே போகும். அனுபவமுள்ளவர் ஆட்டை இரண்டு முழங்காலுக்கு நடுவே இடுக்கி, இமையைத் திருப்பி, வேட்டி முனையால் அதை எடுத்துவிடுவார். உண்ணிச்செடியை மேய்ந்த ஆடு வெயிலைக் கண்டால் ஒதுங்கும், கண் கலங்கும், இமையின் உட்புறம் மஞ்சளாகும். அதையும் அவர்கள் அறிந்திருந்தார்கள். கீழிமையை இழுத்துப் பார்த்து, உள்ளே வெளுத்திருந்தால் ‘பூச்சி இருக்கு’ என்று குடற்புழுவைச் சொன்னவர்களும் அவர்கள்தான். ரத்தம் குடிக்கும் வயிற்றுப்புழுவை இமை நிறத்தை வைத்துக் கணிக்கும் இதே பார்வையை, தென்னாப்பிரிக்காவில் ஐந்து நிறம் அச்சிட்ட அட்டையாக்கி, ‘ஃபமாச்சா’ என்று பேர் வைத்து உலகத்துக்குக் கொடுத்தார்கள்.

அவர்கள் பார்வைக்கு அகப்படாதது கிருமி. அதில் விஞ்ஞானிகளே நெடுநாள் தடுமாறினார்கள். 1931இல் தென்னாப்பிரிக்காவில் கோல்ஸ் என்பவர், கண் நோய் கண்ட ஆடுகளின் இமைச் செல்களுக்குள் நுண்ணிய உருவங்களைக் கண்டு அவற்றை ரிக்கெட்சியா இனத்தில் சேர்த்தார். 1972இல் அமெரிக்காவில் பரைல், டெல் ஜியுடிசே, டல்லி ஆகிய மூவர், செம்மறியிலும் வெள்ளாட்டிலும் கண் நோய் உண்டாக்கும் ஒரு கிருமியைத் தனியே பிரித்து மைக்கோப்ளாஸ்மா கஞ்சங்டிவே என்று பேரிட்டார்கள். இன்றைக்கு வெள்ளாட்டின் தொற்றுக் கண் நோய் என்றால் முதல் சந்தேகம் இதன் மேலும், கிளமிடியா குடும்பத்தின் மேலும்தான். மொராக்செல்லா ஓவிஸ் என்ற பாக்டீரியாவும் அடிக்கடி அகப்படும். அது பல நேரம் நல்ல கண்ணிலேயே குடியிருக்கிறது, நோய் வந்த இடத்தில் கூடச் சேர்ந்துகொள்கிறது.

மைக்கோப்ளாஸ்மாவுக்குச் செல்சுவரே கிடையாது. பெனிசிலின் வேலை செய்வது கிருமி தன் சுவரைக் கட்டவிடாமல் தடுத்து. சுவரே இல்லாத கிருமியிடம் அது எதைத் தடுக்கும்? ‘ஊசி போட்டும் கேக்கலையே’ என்று கூடலூரில் எத்தனையோ பேர் புலம்பியிருப்பார்கள். பாதி காரணம் இதுவாக இருந்திருக்கும். டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் கிருமி புரதம் தயாரிப்பதைத் தடுப்பவை. மைக்கோப்ளாஸ்மா, கிளமிடியா இரண்டிலுமே அவை பலிக்கும். நோயைப் பேர் சொல்லி அறிவதன் பலன் இங்கே காசாகவே தெரிகிறது.

ஆனால் இந்த ஊர்களில் ஆட்டின் கண்ணை மருத்துவர்கள் கவனமாகப் பார்க்கத் தொடங்கியதற்கு மைக்கோப்ளாஸ்மா காரணமில்லை. இன்னொரு கொடிய நோய் காரணம். 1987இல் விழுப்புரம் அருகே அரசூரில் ஆடுகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. இந்தியாவில் பி.பி.ஆர். நோய் முதன்முதலில் உறுதிசெய்யப்பட்டது அங்கேதான். தமிழில் ஆட்டுக்கொல்லி நோய் என்று சரியாகவே பேர் வைத்தார்கள். அதன் ஆரம்பம் எப்படி? கண்ணில் நீர், பிறகு பீளை, மூக்கில் சளி. காலையில் பார்க்கிறவருக்கு அது வெறும் கண் வலிதான். இரண்டு மூன்று நாளில் வாய்ப்புண், நாற்றம், கழிச்சல், நெஞ்சுச்சளி, பட்டியே காலியாகும். பீளை கட்டிய கண்ணைக் கண்டால் வாயையும் திறந்து பார், வெப்பமானியையும் வை என்ற பழக்கம் அதற்குப் பிறகுதான் ஊன்றியது. அந்த அரசூர் வைரஸையே வலுவிழக்கச் செய்து தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தடுப்பூசி ஆக்கியது. இந்த நோயை 2030க்குள் உலகத்திலிருந்தே ஒழிப்பதென்று ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பும் உலகக் கால்நடை நல அமைப்பும் இலக்கு வைத்திருக்கின்றன. தடுப்பூசி போட்ட பட்டியில் கண் நோய் வந்தால் மருத்துவருக்குப் பாதி மூச்சு திரும்பிவிடும்.

நோய் மாறியதுபோல ஆடு வாழும் இடமும் மாறிவிட்டது. எனக்கு இது முக்கியமாகப் படுகிறது.

ஒரு காலத்தில் கூடலூர் ஆட்டுக்கு வண்ணாத்திப்பாறைப் பக்கமும் சுருளி மலைச்சரிவும் மேய்ச்சல் நிலம். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் 14,707 ஏக்கர் இருபோக நிலத்தில் அறுப்பு முடிந்தால், வயலில் கிடை போடுவார்கள். ஆடு நடந்துகொண்டே இருந்தது. வெட்டவெளியில் ஓர் ஆட்டுக்குக் கண் வலித்தால் அது பின்தங்கும், மரத்தடியில் ஒதுங்கும். கூட்டத்தோடு முகம் உரசுவது குறையும். பிறகு காடு அடைபட்டது. மேகமலை சரணாலயமானது, 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. முதலில் எல்லாக் காட்டுக்கும் என்றிருந்த ஆணையை, பின்னர் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று சுருக்கினார்கள். மலை மாடு வளர்ப்பவர்கள் இதற்காக நிறையப் போராடினார்கள். ஆட்டுக்காரர் சத்தம் அவ்வளவாக வெளியே கேட்கவில்லை. அவர்கள் ஆட்டை விற்றார்கள், அல்லது வீட்டுப் பின்புறம் கொட்டகை போட்டுக் குழை ஒடித்துப் போட்டு வளர்க்க ஆரம்பித்தார்கள்.

கொட்டகையில் ஒரே தொட்டியில் பத்து முகம். மேலே கட்டித் தொங்கவிட்ட அகத்திக் குழையை இழுக்கும்போது ஒன்றின் முகம் இன்னொன்றின் கண்ணில் படும். சாணியும் மூத்திரமும் தேங்கினால் ஈ. ஈ பீளையில் உட்கார்ந்து அடுத்த கண்ணுக்குப் போகும். மூத்திர அம்மோனியா நெடியே கண்ணை உறுத்தி, கிருமிக்கு வழி திறந்து வைக்கும். ஊசிப்புல்லால் வந்த ஒற்றைக்கண் காயம் குறைந்து, கொட்டகை முழுக்கப் பரவும் தொற்று கூடுவதற்கான எல்லா ஏற்பாடும் இதில் இருக்கிறது.

இதோடு ஆடு பயணப்படும் தூரமும் கூடிவிட்டது. 2011இல் ஏழைப் பெண்களுக்கு நான்கு ஆடு இலவசமாகக் கொடுக்கும் திட்டத்தை அரசு தொடங்கியது. அதனால் பிழைத்த குடும்பங்கள் பல, அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் எங்கோ வாங்கிய ஆடுகள் வேறெங்கோ ஒரு கொட்டகையில் போய்ச் சேர்வது ஊர் ஊராக நடந்தது. எட்டயபுரம், ஆண்டிபட்டிச் சந்தைகள் அதற்கு முன்பும் இருந்தன. இப்போது அங்கிருந்து ஒரு மினி லாரி சில மணி நேரத்தில் கூடலூரில் இருக்கும். நடத்தி ஓட்டிவந்த காலத்தில் நோயுள்ள ஆடு வழியிலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் வெள்ளாடு ஏறத்தாழ 99 லட்சம். அதில் எத்தனை ஒரு வருஷத்துக்குள் ஊர் மாறுகின்றன என்று சந்தை நாளில் ஆண்டிபட்டிச் சாலையில் நின்று பார்த்தால் ஓரளவு புரியும்.

இன்றைக்கு ஒரு கண் நோயை எப்படிப் பார்க்கிறார்கள்? மருந்தகத்து வேப்பமரத்தடியில் நடக்கும் பேச்சு இப்படித்தான் இருக்கும். கையில் டார்ச்சோடு ஓர் இளம் டாக்டர். முந்தானையால் ஆட்டின் கண்ணைத் துடைத்தபடி ஒரு பாட்டி.

“எத்தனை ஆட்டுக்குப் பாட்டி?”

“இதோட நாலு தாயி.”

“மொதல்ல எதுக்கு வந்துச்சு?”

“சந்தையில வாங்கின செவலக் குட்டிக்கு.”

“வாங்கி எத்தனை நாளாச்சு?”

“பத்து நாளு இருக்கும்.”

“கழியுதா? மூக்கு ஒழுகுதா? நொண்டுதா? எதும் குட்டி வீசுச்சா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல தாயி. வெயிலுக்கு மொகத்தத் திருப்பிக்குது, அம்புட்டுதான்.”

கேள்வி ஒவ்வொன்றும் ஒரு நோயைக் கழித்துக்கொண்டே வருகிறது. ஒரே ஆட்டுக்கு ஒரே கண்ணில் என்றால் முள், விதை, அடி. பல ஆட்டுக்கு அடுத்தடுத்து என்றால் தொற்று. கழிச்சலும் காய்ச்சலும் சேர்ந்தால் ஆட்டுக்கொல்லி. காது, உதடு, வாலடியில் கொப்புளம் இருந்தால் அம்மை. கண்ணோடு மூட்டும் வீங்கி மடியும் வற்றினால் மைக்கோப்ளாஸ்மாவில் வேறொரு வகை. அது கண்ணோடு நிற்காது. நொண்டலும் குட்டி வீச்சும் கிளமிடியாவை நினைக்கவைக்கும். கொடித்தோட்டத்தில் மருந்தடித்த அன்றைக்கு அந்தப் பக்கம் மேய்ந்ததா என்பதும் திராட்சை விளையும் இந்த ஊரில் கேட்க வேண்டிய கேள்வி. பாட்டி சொன்ன நான்கு வரியில் நோயை முக்கால்வாசி அடையாளம் கண்டாயிற்று. டார்ச்சை இன்னும் எரியவிடவே இல்லை.

பிறகுதான் கண்ணுக்கு வருகிறார்கள். கண்ணுக்குக் கீழே கன்னத்து மயிர் கோடாக நனைந்து அழுக்கேறியிருந்தால் நோய் தொடங்கிய கட்டம். கருவிழியின் ஓரத்திலிருந்து நீலம் கலந்த சாம்பல் மூட்டம் நடுப்பக்கம் நகர்ந்தால் அடுத்தது. அந்த ஓரத்திலிருந்து சிவப்பு நரம்புகள் மெல்லிய வேர்போல உள்ளே வளர்வதைக் கண்டு வளர்ப்பவர் பயப்படுவார். உண்மையில் உடம்பு ஆற்றத் தொடங்கியதன் அடையாளம் அது. பார்வை இருக்கிறதா என்று பார்க்கக் கையைக் கண்ணுக்கு நேரே கொண்டுபோவார்கள். வேகமாக வீசினால் காற்றுப்பட்டு குருட்டு ஆடும் சிமிட்டும். எனவே விரலை மெதுவாக, காற்று எழாமல் கொண்டுபோக வேண்டும். இந்தச் சின்னச் சூட்சுமம் தெரியாமல் குருட்டு ஆட்டை நல்ல ஆடென்று விற்றவர்களும் உண்டு, வாங்கியவர்களும் உண்டு.

கருவிழியில் புண் இருக்கிறதா என்பதற்கு ஒரு சோதனை. ஃப்ளூரசீன் என்ற ஆரஞ்சு நிறச் சாயம் தோய்ந்த தாள் துண்டை ஒரு சொட்டு உப்புநீரில் நனைத்து, கீழிமைக்குள் தொட்டு எடுப்பார்கள். கழுவிவிட்டு நீல ஒளியில் பார்த்தால், மேல்தோல் உரிந்த இடம் மட்டும் பச்சையாக ஒளிரும். நல்ல கண்ணில் சாயம் ஒட்டாது. ஒரு நிமிட வேலைதான், செலவும் குறைவு. ஆனால் அடுத்து எந்த மருந்து என்பதை அந்தப் பச்சைப் புள்ளிதான் முடிவு செய்கிறது. புண் இருக்கும் கண்ணில் ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் போட்டால் சிவப்பும் வீக்கமும் இரண்டு நாளில் குறையும். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. உள்ளே புண் ஆறாமல் ஆழமாகி, விழி ஓட்டையானாலும் ஆகலாம்.

இன்றைய கதையில் எனக்குக் கசப்பான இடம் இதுதான். புகையிலையை மென்று ஊதுவது குறைந்துவிட்டது. அந்த இடத்தில் மருந்துக்கடை வந்து உட்கார்ந்திருக்கிறது. செல்போனில் ஆட்டின் கண்ணைப் படம் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பினால், ‘இந்தக் களிம்பைப் போடுங்க, எங்க ஆட்டுக்குக் கேட்டுச்சு’ என்று பதில் வருகிறது. படத்தில் பீளை தெரியும். புண் தெரியாது, காய்ச்சல் தெரியாது, பக்கத்து ஆடு தெரியாது. மனிதருக்கு வாங்கி மிஞ்சிய சொட்டு மருந்தும் ஆட்டுக்குப் போகிறது. ‘என்ன போடலாம்’ என்ற பழைய கேள்விக்கு விடை இப்போது வேகமாகக் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

ஆய்வகப் பக்கம் மாற்றம் நிஜமானது. முன்பு கிருமியை வளர்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். மைக்கோப்ளாஸ்மா விசேஷ ஊடகத்தில் மட்டும், அதுவும் மெல்ல வளரும். கிளமிடியா உயிருள்ள செல்லுக்குள்தான் பெருகும். கண்ணில் துடைத்தெடுத்த பஞ்சுக்குச்சியை ஐஸில் வைத்துக் கூடலூரிலிருந்து அத்தனை தூரம் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள், சித்திரை வெயிலில் கிருமி செத்துவிடும். முடிவு ‘ஒன்றும் வளரவில்லை’ என்று வரும். கண்ணாடித் தகட்டில் இமைச் செல்லைச் சுரண்டித் தடவி, கீம்சா சாயம் ஏற்றி, செல்லுக்குள் புள்ளிகள் தெரிகின்றனவா என்று நுண்ணோக்கியில் தேடுவதுதான் கைக்கெட்டிய வழி. அதுவும் நோயின் முதல் சில நாளில் எடுத்தால்தான்.

பி.சி.ஆர். வந்த பிறகு கிருமி உயிரோடு வர வேண்டிய கட்டாயம் இல்லை. அதன் மரபணுத் துண்டு கிடைத்தால் போதும். 2020இல் தேனியிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. 1962 என்று போன் போட்டால் மருத்துவ வண்டி ஊருக்கே வருகிறது. ஆனாலும் துடைத்தெடுப்பதில் கை சுத்தம் வேண்டும். மருந்து போடுவதற்கு முன்னால், புதிதாக நோய் கண்ட ஆட்டில், பீளையை ஒதுக்கிவிட்டு இமையின் உட்புறத்தை அழுத்தித் துடைக்க வேண்டும். கிருமி இருப்பது செல்லில். பீளையை மட்டும் அனுப்பினால் பீளைதான் பரிசோதனையாகும்.

முடிவு வருவதற்குள் அந்த ஆட்டுக்குக் குணமாகியிருக்கும் என்பதும் உண்மை. “அப்போ எதுக்குத் தம்பி அனுப்பணும்?” என்று கேட்கும் பெரியவரைக் குறை சொல்ல முடியாது. ஆய்வகச் சீட்டு உதவுவது இனி வரப்போகும் ஆடுகளுக்கு. தேறிய ஆடும் மைக்கோப்ளாஸ்மாவை மாதக்கணக்கில் கண்ணில் வைத்திருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. அந்த ஆடு அடுத்த கொட்டகைக்கு விலைபோனால் நோயும் கூடவே போகும்.

ஆல்ப்ஸ் மலையில் இதன் இன்னொரு முகத்தைப் பார்த்திருக்கிறார்கள். கோடையில் மேலே மேயப்போகும் வீட்டுச் செம்மறியிடமிருந்து இதே மைக்கோப்ளாஸ்மா, பாறைகளில் வாழும் ஷாமோய் என்ற காட்டாட்டுக்கும் ஐபெக்ஸுக்கும் தொற்றுகிறது. கொட்டகை ஆட்டுக்கு இரண்டு வாரம் பார்வை மங்கினால் தொட்டி இருக்கிறது, குழை இருக்கிறது. பாறை விளிம்பில் நிற்கும் ஆட்டுக்கு இரண்டு வாரக் குருடு என்றால் பள்ளத்தில் விழுந்து சாவு. கூடலூருக்குக் கிழக்கே மேகமலை உச்சிகளில் நம் மாநில விலங்கான வரையாடு இருக்கிறது. மேய்ச்சல் தடையைப் பற்றிக் காரசாரமாகப் பேசும் இரு தரப்பும் இந்தக் கண் நோயைப் பற்றியும் கொஞ்சம் பேசியிருக்கலாம்.

மருத்துவர்கள் சொல்லும் யோசனையில் மிகச் செலவு குறைந்தது, பின்பற்றக் கடினமானது, ஒன்றேதான். சந்தையில் வாங்கிய ஆட்டை மூன்று வாரம் தனியே கட்டுங்கள். தண்ணீர்த் தொட்டி வேறு, குழை கட்டும் கயிறு வேறு. பழைய ஆட்டைக் கவனித்த பிறகு கடைசியாகப் புதியதிடம் போங்கள். செவலக் குட்டிக்காரப் பாட்டியிடமும் டாக்டர் இதையேதான் சொன்னார். டெட்ராசைக்ளின் களிம்பை எழுதிக் கொடுத்து, நாலு ஆட்டையும் வெயில் படாமல் ஒதுக்கிக் கட்டச் சொன்னார்.

“எங்க தாயி ஒதுக்குறது? இருக்கிறதே ரெண்டு சென்ட்டு. அதுல பாதி வீடு.”

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். அப்போதைக்குச் சாக்குப்படுதா கட்டி நடுவில் மறைக்கச் சொன்னார். அடுத்த தடவை சந்தைக்குப் போகும்போது இமையைப் புரட்டிப் பார்த்து, கன்னத்து மயிர் நனைந்திருந்தால் அந்த ஆட்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம் என்றார். பாட்டி தலையாட்டிவிட்டு, மலிவாகக் கொடுத்ததால்தான் அந்தச் செவலையை வாங்கினேன் என்றாள்.